எஸ்டிஆருக்கு எழுபதாயிரம் ரூபாய் லேப்டாப் வேண்டுமா?

இந்த மாதம் வந்த ஹாம் ரேடியோ (பொழுதுபோக்கு வானொலி) கேள்விகளில் பெரும்பாலானவை எஸ்டிஆருக்கான, அதாவது சிக்னலைப் பிரித்துக் கேட்கும் வேலையை சாஃப்ட்வேரே செய்யும் ரேடியோவுக்கான, கம்ப்யூட்டரைச் சுற்றியே இருந்தன. அதனால் மற்றவற்றை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன்.

கேள்வி (கல்லூரி மாணவர், திண்டுக்கல்): ஐயா, ஆர்டிஎல்-எஸ்டிஆர் டாங்கிள் (யுஎஸ்பியில் செருகும் குட்டி ரிசீவர்) ஒன்று வாங்கிவிட்டேன். ஐ7, 16 ஜிபி ராம், கிராஃபிக்ஸ் கார்டு இதெல்லாம் இல்லாவிட்டால் ஓடாது என்கிறார்கள் சீனியர்கள். அப்பாவிடம் எழுபதாயிரம் கேட்கப் பயமாக இருக்கிறது.

பதில்: கேட்காதீர்கள் தம்பி, தேவையே இல்லை. உங்கள் டாங்கிள் ஒழுங்காகத் தரக்கூடியது வினாடிக்கு 24 லட்சம் சாம்பிள் (சிக்னலின் அளவீடு), ஒவ்வொன்றுக்கும் இரண்டு பைட், ஆக கம்ப்யூட்டருக்குள் வந்து சேர்வது வினாடிக்கு 4.8 மெகாபைட். பழைய யுஎஸ்பி 2.0 கூட இதைத் திணறாமல் தாங்கும். உள்ளே வந்தபிறகு நடக்கும் வேலையும் பெரிதில்லை: மொத்த அலைவரிசை அகலத்தையும் எஃப்எஃப்டி என்ற கணக்கால் பிரித்து வாட்டர்ஃபாலாக (எந்த அலைவரிசையில் சிக்னல் இருக்கிறது என்று காட்டி ஓடும் படமாக) வரைய வேண்டும், அதிலிருந்து நீங்கள் கேட்க விரும்பும் துண்டை மட்டும் வெட்டி ஒலியாக்க வேண்டும். ஹாம்கள் பேசப் பயன்படுத்தும் எஸ்எஸ்பி முறையில் ஒருவர் பேசினால் அந்தத் துண்டு 3 கிலோஹெர்ட்ஸ் அகலம்கூட வராது. 2013 வாக்கில் வந்த நான்காம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ராம், ஒரு எஸ்எஸ்டி, அவ்வளவுதான். கம்பெனிகள் கழித்துக்கட்டிய பிசினஸ் லேப்டாப்கள் சென்னை ரிச்சி தெருவில் குறைந்த விலைக்குக் கிடைக்கும், அதில் ஒன்று போதும். ஒரே ஒரு சிக்கல், விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக இன்டெல் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் ஏறும், விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபரில் ஆதரவு முடிந்துவிட்டது. அதனால் பழைய மெஷின் என்றால் லினக்ஸ் போட்டுவிடுங்கள்.

சீனியர்கள் சொல்வதில் கொஞ்சம் உண்மையும் உண்டு. ஹேக்ஆர்எஃப் மாதிரி வினாடிக்கு 2 கோடி சாம்பிள் அள்ளித் தரும் கருவியை முழு வேகத்தில் ஓட்டி, ஜிஎன்யூ ரேடியோ என்ற சாஃப்ட்வேரில் நீங்களே பிளாக் பிளாக்காக ரிசீவர் கட்டினால் ப்ராசஸர் மூச்சு வாங்கும். அப்புறம் ரெக்கார்டிங். உங்கள் சின்ன டாங்கிளின் முழு அகலத்தையும் அப்படியே பதிவு செய்தாலே மணிக்கு 17 ஜிபி ஓடிவிடும், சில சாஃப்ட்வேர்கள் 16 பிட்டாக எழுதும், அப்போது அது இரட்டிப்பு. இதற்கு ஐ7 உதவாது, பெரிய எஸ்எஸ்டிதான் உதவும். அப்பா மனசு வைத்து ஏதாவது கொடுத்தால் ஆன்டெனாவில் போடுங்கள்.

இன்னொன்று, டாங்கிளின் ட்யூனர் 24 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே இறங்காது. 7 மெகாஹெர்ட்ஸ் ஹாம் பேண்டைக் கேட்க, ஆர்டிஎல்-எஸ்டிஆர் பிளாகின் வி3 டாங்கிள் என்றால் சாஃப்ட்வேரில், ட்யூனரைத் தாண்டிச் சிக்னலை நேரடியாக எடுக்கும் டைரக்ட் சாம்பிளிங்கில் கியூ பிராஞ்சைத் தேர்வு செய்ய வேண்டும். வி4 என்றால் உள்ளேயே அப்கன்வெர்ட்டர் (அலைவரிசையை மேலே தூக்கிவிடும் பகுதி) இருக்கிறது, ஆனால் அதற்கான புது டிரைவர் வேண்டும். பலர் இது தெரியாமல், "ஒன்றுமே கேட்கவில்லை, கம்ப்யூட்டர் போதவில்லை" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

கேள்வி (ஈரோடு வாசகர்): டாங்கிளைச் செருகினால் எஸ்டிஆர் ஷார்ப் சாஃப்ட்வேரில் 'டிவைஸ் இல்லை' என்றே வருகிறது.

பதில்: விண்டோஸ் அதை டிவி ட்யூனர் என்று நினைத்து அதற்கான டிரைவரைப் போட்டிருக்கும், அந்தச் சிப் பிறந்ததே டிவிக்காகத்தான். ஜாடிக் என்ற சின்ன புரோகிராமில் 'லிஸ்ட் ஆல் டிவைசஸ்' டிக் செய்து, 'பல்க்-இன், இன்டர்ஃபேஸ் 0' என்று இருப்பதைத் தேர்ந்தெடுத்து வின்யுஎஸ்பி டிரைவரைப் போடுங்கள். அவசரத்தில் கீபோர்டையோ மவுசையோ தேர்ந்தெடுத்தால் அது செத்துவிடும், பிறகு டிரைவரைத் திரும்ப ஏற்றுவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். லினக்ஸிலும் இதே கதைதான், டிவி டிரைவரை பிளாக்லிஸ்ட் செய்ய (ஏறாமல் தடுக்க) வேண்டும்.

கேள்வி (ஓய்வுபெற்ற ஆசிரியை, நாகர்கோவில்): வாட்டர்ஃபால் முழுக்க சம இடைவெளியில் செங்குத்துக் கோடுகள். 40 மீட்டர் (7 மெகாஹெர்ட்ஸ்) பேண்டில் யார் குரலும் கேட்பதில்லை. புது லேப்டாப் வாங்கினால் சரியாகுமா?

பதில்: ஆகாது டீச்சர், இன்னும் மோசமாகவும் ஆகலாம். முதலில் லேப்டாப் சார்ஜரைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டு பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். கோடுகள் மறைந்தால் குற்றவாளி அந்தச் சார்ஜர். அதிலுள்ள எஸ்எம்பிஎஸ் என்ற மின்சுற்று வினாடிக்குப் பல்லாயிரம் முறை அணைந்து எரிகிறது, அதன் மடங்குகள்தான் சிற்றலை முழுக்கக் கோடுகோடாகத் தெரிகின்றன. மறையாவிட்டால் லேப்டாப் பேட்டரியிலேயே ஓடட்டும், வீட்டு மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு மறுபடி பாருங்கள். அப்போது மறைந்தால் எல்இடி பல்பு, இன்வெர்ட்டர், செட்டாப் பாக்ஸ் என்று ஒவ்வொன்றாகத் தேட வேண்டும். அதற்கும் மசியாவிட்டால் பக்கத்து வீட்டு சோலாரில் போய் நிற்கும், அதற்கு நல்லுறவு ஒன்றே வழி.

கம்ப்யூட்டரே கத்துவதும் உண்டு. டாங்கிளை லேப்டாப்பில் நேரடியாகச் செருகாதீர்கள், ஒன்றிரண்டு மீட்டர் நல்ல யுஎஸ்பி எக்ஸ்டென்ஷன் கேபிளில் தள்ளி வையுங்கள். அந்தக் கேபிளை ஒரு ஃபெரைட் (இரைச்சலைத் தடுக்கும் காந்தப்பொருள்) வளையத்தில் பலமுறை சுற்றுங்கள். இரண்டு சுற்றுக்கு ஒன்றைப்போல நான்கு மடங்கு பலன், மூன்றுக்கு ஏறக்குறைய ஒன்பது மடங்கு, அதனால் கேபிளில் ஒரே ஒரு கிளிப் மாட்டிவிட்டு "பயனில்லை" என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். சிற்றலைக்கு 31 என்று எண்ணிட்ட ஃபெரைட் கலவை ஏற்றது. வெளி மானிட்டர் இருந்தால் அதையும் அணைத்துப் பாருங்கள், எச்டிஎம்ஐ கேபிள் ஒன்றும் சாது இல்லை.

கேள்வி (சேலம் வாசகர், விரைவில் ஹாம் உரிமத் தேர்வு எழுதப்போகிறவர்): எஃப்டி8 (கம்ப்யூட்டர் வழியாகக் குறுஞ்செய்தி பரிமாறும் ஹாம் முறை) ஒலி நன்றாகவே கேட்கிறது, ஆனால் அதற்கான டபிள்யூஎஸ்ஜேடி-எக்ஸ் சாஃப்ட்வேர் எதையும் டீகோட் செய்வதில்லை. ப்ராசஸர் பலவீனமா?

பதில்: கடிகாரத்தைப் பாருங்கள். ஜோ டெய்லரும் ஸ்டீவன் ஃபிராங்கும் 2017-ல் வெளியிட்ட இந்த முறையில் எல்லாரும் 15 வினாடிக்கு ஒரு முறை, ஒரே நேரத்தில் தொடங்கி 12.64 வினாடி அனுப்புவார்கள். உங்கள் கடிகாரம் ஒரு வினாடிக்குமேல் தப்பினாலே டீகோட் தடுமாறும். விண்டோஸ் தானாக நேரம் சரிபார்ப்பது போதாது, இணையத்திலிருந்து நேரம் எடுத்துத் திருத்தும் ஒரு என்டிபி புரோகிராம் போடுங்கள்.

நேரம் சரியாக இருந்தும் வரவில்லை என்றால், எஸ்டிஆரில் மட்டும் வரும் ஒரு கோளாறு இருக்கிறது. டாங்கிளிலிருந்து சாஃப்ட்வேர், அங்கிருந்து விபி-கேபிள் மாதிரி ஒரு பொய் சவுண்ட் கார்டு, அதிலிருந்து டீகோடர் என்று ஒலி பல பஃபர்களில் (தற்காலிக நினைவிடங்களில்) தங்கித் தங்கி வருவதால் மொத்தமாகத் தாமதமாகிவிடும். ஒன்றிரண்டு சிக்னல் டீகோட் ஆகும்போது டிடி என்ற (நேர வித்தியாசத்தை வினாடியில் காட்டும்) பத்தியில் எல்லாமே 1.5, 1.6 என்று ஒரே பக்கம் சாய்ந்திருந்தால் இதுதான் காரணம், பஃபரைக் குறையுங்கள். இரண்டு பக்கமும் 48 கிலோஹெர்ட்ஸ் வைத்து, விண்டோஸின் ஒலி மெருகூட்டல்களை அணைத்துவிடுங்கள். உங்கள் கையில் உரிமம் வரும்வரை கேட்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், அனுப்புவதற்குத் தொலைத்தொடர்புத் துறையின் ஏஎஸ்ஓசி (ஹாம் நிலையம் இயக்குபவருக்கான சான்றிதழ்) தேர்வு கட்டாயம்.

கேள்வி (மதுரை வாசகர்): கியூஓ-100 செயற்கைக்கோளைக் கேட்க என்ன கம்ப்யூட்டர் வேண்டும்?

பதில்: திண்டுக்கல் தம்பிக்குச் சொன்ன அதே பழைய லேப்டாப். 2018 நவம்பரில் ஏவப்பட்ட கத்தாரின் எஸ்ஹைல்-2-இல் ஏறிப்போன ஹாம் டிரான்ஸ்பாண்டர் (வரும் சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் கருவி) இது. கிழக்கு 25.9 டிகிரியில் அசையாமல் நிற்கிறது, மதுரையிலிருந்து பார்த்தால் கிட்டத்தட்ட நேர் மேற்கே, சுமார் 30 டிகிரி உயரத்தில். அது 10,489.5 மெகாஹெர்ட்ஸிலிருந்து அரை மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் கீழே அனுப்புகிறது. 9750 மெகாஹெர்ட்ஸ் ஆசிலேட்டர் உள்ள யுனிவர்சல் எல்என்பி (டிஷ்ஷின் முனையில் இருக்கும் ரிசீவர்) அதை 739.5-க்கு இறக்கித் தரும், டாங்கிளுக்கு அது கைக்கெட்டும் தூரம். எல்லா டிடிஎச் எல்என்பியும் ஒத்துவராது, 9750 என்று பார்த்து வாங்குங்கள். எல்என்பிக்கு 13 வோல்ட் வேண்டும், டாங்கிளின் பயாஸ்-டீ (ஆன்டெனா கேபிள் வழியே மின்சாரம் ஏற்றும் பகுதி) தருவது 4.5 தான், அதனால் அதே வேலைக்குத் தனி இன்ஜெக்டர் போட்டு அந்த 13 வோல்ட் டாங்கிள் பக்கம் எட்டிப்பார்க்காதபடி பார்த்துக்கொள்ளுங்கள். மொட்டைமாடி வெயிலில் எல்என்பி சூடாகிச் சிக்னல் நகர்ந்துகொண்டே இருக்கும். எஸ்டிஆர் கன்சோல் சாஃப்ட்வேரில் செயற்கைக்கோளின் பீக்கன் என்ற நிலையான அடையாளச் சிக்னலைப் பிடித்துப் பூட்டும் வசதி இருக்கிறது, அதைப் போட்டுவிட்டால் அதுவே சரிசெய்துகொள்ளும்.