ஃபெலா குட்டி, ஆப்பிரிக்கப் போராட்டப் பாட்டு: உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

கே: அரசை எதிர்த்துப் பாடிய ஆப்பிரிக்கர்கள் பலர் இருக்க, ஃபெலாவை மட்டும் ஏன் இவ்வளவு பேசுகிறீர்கள்?

ப: அவர் கொடுத்த விலைக்காக. ஃபெலா நைஜீரியப் பாடகர். அங்கே ராணுவ ஆட்சி நடந்தபோது, 1976இல் அவருடைய 'ஜாம்பி' என்ற பாட்டு வந்தது. சொன்னால் நடப்பான், சொன்னால் நிற்பான், சொன்னால் கொல்லுவான், தானாக எதுவும் யோசிக்கமாட்டான் என்று சிப்பாயை நடைப்பிணமாக்கிப் பாடினார். நடுவே அணிவகுப்பு மைதானத்துக் கட்டளைகளை வரிசையாக அடுக்குவார். வரிக்கு வரி பெண்களின் கோரஸ் 'ஜாம்பி' என்று பதில் போடும். ஒரே சொல்தான், ஒருமுறை கேட்டால் யார் வேண்டுமானாலும் சேர்ந்து பாடலாம். பாடிய மொழியும் பிட்ஜின், அதாவது பல இனத்தாரும் பொதுவாகப் பேசும் கலப்பு ஆங்கிலம். அதனால் யொருபாக்காரருக்கும் ஹவுசாக்காரருக்கும் சந்தைக்காரிக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது.

1977 பிப்ரவரி 18 அன்று, 'கலகூட்டா குடியரசு' என்று அவர் பெயர் வைத்திருந்த லாகோஸ் வீட்டைச் சுமார் ஆயிரம் சிப்பாய்கள் சூழ்ந்தார்கள். அடித்தார்கள், பெண்களைச் சீரழித்தார்கள், வீட்டைக் கொளுத்தினார்கள். எழுபதைத் தாண்டிய அவருடைய தாய் ஃபுன்மிலாயோவை ஜன்னல் வழியே வீசினார்கள். அவர் மறுவருடம் ஏப்ரலில் இறந்துபோனார். விசாரணை நடத்தி, யாரென்று தெரியாத சிப்பாய் செய்த வேலை என்று முடித்துவிட்டார்கள். ஃபெலா தாயின் சவப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆட்சியாளர் இருந்த டோடன் பாரக்ஸுக்கே போனார். அதையும் பாட்டாக்கினார், விசாரணை சொன்ன அந்தப் பொய்யையும் பாட்டாக்கினார்.

கே: முதலில் எந்தப் பாட்டைக் கேட்க?

ப: 'ஜாம்பி'. முழுசாக, பன்னிரண்டு நிமிடமும். வெட்டிச் சுருக்கிப் போட்டிருப்பதைத் தொடாதீர்கள். குரல் வருவதற்குள் டோனி ஆலனின் டிரம்ஸும் சாக்ஸஃபோனும் உங்களை ஆட வைத்துவிடும். திட்டு அதற்குப் பிறகுதான் விழும்.

கே: அதற்குக் கிட்டார் கார்டு (chord) கிடைக்குமா?

ப: வாசிப்பவர்களிடம் கேளுங்கள்.

கே: 1978இல் ஒரே நாளில் தன் குழுவின் 27 பெண்களை மணந்தவரைப் போராளி என்கிறீர்களே?

ப: போராளிதான். பெண்கள் விஷயத்தில் அவர் செய்தது தப்பு. இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன்.

கே: அது அவர்கள் பண்பாடு. மேலும், சிப்பாய்களிடம் சிக்கிய அந்தப் பெண்களின் மானத்தைக் காக்கத்தானே மணந்தார்?

ப: ஊரார் ஏசிய பெண்களுக்கு அது ஒரு மரியாதையைக் கொடுத்தது, உண்மை. ஆனால் பண்பாடு என்று சொல்லித் தப்பிக்க முடியாது. அந்தப் பண்பாட்டிலேயே பிறந்தவர்தான் அவருடைய தாயும். அபெயொகுட்டாவில் சந்தைப் பெண்கள் மீது போட்ட வரியை எதிர்த்து ஆயிரக்கணக்கான பெண்களைத் திரட்டியவர் அவர். 1949இல் 'அலாகே' எனப்படும் அந்த ஊர் அரசர் பட்டத்தை விட்டு இறங்க வேண்டியதாயிற்று. அந்தத் தாயின் மகன் 1972இல் 'லேடி' என்ற பாட்டில், ஆணுக்குச் சமமாக உட்காரும் பெண்ணைக் கிண்டலடிக்கிறார். எனக்கு அது ஆறவே மாட்டேன் என்கிறது. கோரஸாக நின்று 'ஜாம்பி' என்று கத்திய பெண்கள் இல்லாமல் அந்தப் பாட்டு ஏது? அடிவாங்கியதில் அவர்கள் பங்கு குறைவா?

கே: மேதையின் சொந்த வாழ்க்கை நமக்கு எதற்கு?

ப: அவரே அதைப் பாட்டில் வைத்துவிட்டாரே.

கே: ஆரம்பிக்க நல்ல பாட்டு ஒன்று?

ப: மேலே சொல்லியாகிவிட்டது. முழு நீளம்.

கே: தென்னாப்பிரிக்கா?

ப: வுயிசிலே மினியில் தொடங்குங்கள். தொழிற்சங்கக்காரர். பிரதமர் வெர்வூர்டை எச்சரித்துப் பாட்டுக் கட்டியவர். 1964 நவம்பரில் பிரிட்டோரியா சிறையில் தூக்கிலிட்டார்கள். அந்தப் பாட்டை வெளிநாட்டு மேடைகளுக்குக் கொண்டுபோனவர் பாடகி மிரியம் மக்கேபா. 1963இல் ஐ.நா.வில் நிறவெறிக்கு எதிராகப் பேசியதற்காக அவருடைய இசைத்தட்டுகளையே சொந்த நாட்டில் தடை செய்தார்கள். 1990 வரை அவரால் ஊர் திரும்ப முடியவில்லை.

கே: நல்லவர்கள் ஆட்சிக்கு வந்தால் பாடகர்களுக்கு வேலை இருக்காதல்லவா?

ப: ஜிம்பாப்வேயின் பாடகர் தாமஸ் மப்ஃபூமோவைப் பாருங்கள். வெள்ளையர் அரசு அவரைப் பிடித்து அடைத்தது. 1980இல் விடுதலை வந்தது. 1989இல் சொந்த அரசையே பார்த்து 'கரப்ஷன்' என்று இசைத்தட்டு போட்டார். பிறகு நாட்டை விட்டு அமெரிக்காவில் குடியேறினார்.