டயப்பர் செலவு கட்டுப்படியாகவில்லையே!

கேள்வி: எனக்கும் கணவருக்கும் பனியன் கம்பெனியில் வேலை. ஏழு மாதக் குழந்தையை மாமியார் பார்த்துக்கொள்கிறார். டயப்பர் ஒன்று 11 ரூபாய், நாளைக்கு ஆறு ஆகிறது. முடியாமல், மூத்திரம் மட்டும் போனதை வெயிலில் காயவைத்து மறுபடி போடுகிறோம். தொடை சிவந்துவிட்டது. என்ன செய்யலாம்?
- வாசகி, திருப்பூர்

பதில்: காயவைத்துப் போடுவதை இன்றே நிறுத்துங்கள். உள்ளே இருக்கும் ஜெல்லிலிருந்து வெயிலில் தண்ணீர்தான் போகும், மூத்திரத்தின் உப்பு அதிலேயே தங்கும். உப்பேறிய ஜெல் மறுபடி சரியாக உறிஞ்சாது. ஈரம் தோலில் நின்று புண்ணாக்கும். உங்களைக் குறை சொல்லவில்லை. மாதம் 1,980 ரூபாய் யாருக்குமே பாரம்தான்.

பகலில் துணி, ராத்திரி ஒரு டயப்பர் என்று மாற்றிக்கொள்ளுங்கள். ஊசி போடப் போகும் நாள், பஸ் பயணம் என்று இன்னும் ஐந்து சேர்த்தாலும் மாதம் 35தான், 385 ரூபாய். நாலு முழப் பருத்தி வேட்டியில் கரையை நீக்கி 60 செ.மீ. சதுரமாக வெட்டினால் ஆறு துண்டு கிடைக்கும். நாலு பழைய வேட்டி போதும். முக்கோணமாக மடித்து, நடுவில் பனியன் கட்பீஸை நாலாக மடித்து வைத்துக் கட்டுங்கள். கட்பீஸ் வாங்கும்போது ஒரு நூலைக் கொளுத்திப் பாருங்கள். காகிதம் போல எரிந்து சாம்பலானால் பருத்தி. உருகி, கெட்டியாக உருண்டால் பாலியஸ்டர், அது உறிஞ்சாது.

துணி தோற்பது பெரும்பாலும் துவைப்பதில்தான். மலத்தைப் பச்சைத் தண்ணீரில் அலசிவிட்டே சோப்புக்குப் போக வேண்டும், சுடுதண்ணீர் ஊற்றினால் கறை பிடித்துக்கொள்ளும். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் சோப்புப் பிசுக்கு துணியிலேயே ஒட்டி, துணி விறைத்துவிடும். ஊறவைக்கும் வாளியில் ஒரு ஸ்பூன் சலவைச் சோடா போட்டு, சோப்பைக் குறைத்து, கடைசி அலசலை மட்டும் நல்ல தண்ணீரில் செய்யுங்கள். துணி மென்மைக்காக ஊற்றும் வாசனை திரவம் (கண்டிஷனர்) வேண்டவே வேண்டாம், உறிஞ்சும் தன்மையைக் கெடுக்கும். துணி நனைந்ததும் மூக்கைத் துளைக்கும் நெடி வந்தால் அலசல் போதவில்லை. மழைக்காலத்தில் இஸ்திரி போட்டு ஈரத்தை எடுங்கள்.

மாமியாருக்கு வேலை கூடும். நனைந்ததை வாளியில் போடுவதோடு அவர் விடட்டும், துவைப்பதை நீங்கள் இருவரும் முறை வைத்துக்கொள்ளுங்கள்.

டயப்பர் வாங்கும்போது பாக்கெட் விலையைப் பார்க்காதீர்கள், எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். பெரிய சைஸுக்கு மாறினால் அதே விலைக்குப் பெரும்பாலும் எண்ணிக்கை குறையும். எடை வரம்புக்குள் இருந்து, தொடையில் தடம் விழாதவரை சைஸை மாற்ற வேண்டாம். 2025 செப்டம்பர் 22 முதல் டயப்பருக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆனது. 300 ரூபாய் பாக்கெட்டில் 18, 19 ரூபாய் குறைந்திருக்க வேண்டும்.

சிவந்த இடத்துக்குப் பவுடர் போடாதீர்கள். கழுவி, ஒற்றித் துடைத்து, சிறிது நேரம் காற்றாட விட்டு, ஜிங்க் ஆக்சைடு களிம்பு தடவுங்கள். மடிப்புக்குள் அடர்சிவப்பாகிச் சுற்றிலும் சின்னப் புள்ளிகள் வந்தாலோ, மூன்று நாளில் ஆறாவிட்டாலோ ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். அது பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம், அதற்கு மருந்து வேறு.