கீரை சாப்பிட்டும் மாலைக்கண் வருமா?

கேள்வி: எங்கள் ஊர் பென்னாகரம் பக்கம். அப்பாவுக்கு 56 வயது. சில மாதங்களாகப் பொழுது சாய்ந்தாலே தடுமாறுகிறார். மாட்டைக் கட்டப் போனவர் கட்டுத்தறியில் இடறி விழுந்துவிட்டார். கண்ணில் புரை இல்லை என்று கண் மருத்துவர் சொன்னார். ரத்தத்தில் வைட்டமின் ஏ 12 என்று வந்திருக்கிறது, 20-க்கு மேல் இருக்க வேண்டுமாம். எங்கள் வீட்டில் பாதி நாள் களியும் முருங்கைக்கீரை கடைசலும்தான். சீசனில் மாம்பழத்துக்கும் குறைவில்லை. அப்புறம் எப்படிக் குறைந்தது? கடையில் மாத்திரை வாங்கிக் கொடுக்கலாமா? நான் இரண்டு மாதக் கர்ப்பம், நானும் அதைப் போட்டுக்கொள்ளலாமா? (போன வருஷம் அப்பாவுக்கு மேல்வயிற்றில் கடும் வலி வந்தது, கணைய வீக்கம் என்றார்கள். அதிலிருந்து சாப்பாட்டில் எண்ணெயே சேர்ப்பதில்லை. இளைத்துவிட்டார். மலம் வெளுத்துப் போகிறது, தண்ணீர் ஊற்றினாலும் பீங்கானில் ஒட்டிக்கொள்கிறது.)
— வாசகி, தர்மபுரி மாவட்டம்

பதில்: அடைப்புக்குறிக்குள் நீங்கள் போகிற போக்கில் எழுதியதில்தான் பதிலே இருக்கிறது. சாப்பாட்டில் குறை இல்லை. சாப்பிட்டது உள்ளே போய்ச் சேரவில்லை என்றுதான் எனக்குப் படுகிறது.

கீரையிலும் மாம்பழத்திலும் இருப்பது கரோட்டின். பெரும்பாலும் சிறுகுடலின் உட்சுவரில்தான் அது வைட்டமின் ஏ ஆக மாறும். ஆனால் அந்தச் சுவரைத் தொடுவதற்கே அதற்குக் கொழுப்பு வேண்டும். சாப்பாட்டில் உள்ள எண்ணெயைக் கணைய நீர் உடைக்க வேண்டும், கல்லீரலிலிருந்து வரும் பித்தம் அதைக் கரைக்க வேண்டும். அந்தக் கரைசலோடு சேர்ந்துதான் கரோட்டின் உள்ளே நுழையும். உங்கள் அப்பாவுக்கு எண்ணெயும் நிறுத்தியாகிவிட்டது, கணையமும் சரியாக வேலை செய்யவில்லை போலிருக்கிறது. பீங்கானில் ஒட்டுகிற வெளுத்த மலம் என்றால் கொழுப்பு செரிக்காமல் வெளியேறுகிறது என்று அர்த்தம். கீரைக் கடைசலின் கரோட்டினும் அதோடு போய்விடுகிறது.

சரியாக உறிஞ்சப்பட்டால் என்ன ஆகும்? குடல் செல்கள் கரோட்டினிலிருந்து வந்த வைட்டமின் ஏ-யைக் கொழுப்பு அமிலத்தோடு பிணைத்து, கைலோமைக்ரான் என்ற நுண்ணிய கொழுப்புத் துளிகளுக்குள் வைத்து அனுப்பும். மாவுச்சத்து, புரதம்போல இது நேராகக் கல்லீரலுக்குப் போகாது. நிணநீர்க் குழாய் வழியாக நெஞ்சைக் கடந்து, இடது கழுத்தடியில் ரத்தத்தில் கலந்து, ஒரு சுற்று சுற்றிவிட்டுத்தான் கல்லீரலுக்கு வரும். அங்கே நட்சத்திர வடிவ செல்கள் அதைச் சேமித்து வைக்கும். நல்ல ஊட்டத்தில் இருப்பவருக்கு இந்த இருப்பு பல மாதங்கள் தாங்கும். 9 மாதக் குழந்தைக்கு 1 லட்சம் யூனிட், பிறகு 5 வயது வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை 2 லட்சம் யூனிட் என்று அரசு சொட்டு மருந்து கொடுப்பது இந்தச் சேமிப்பை நம்பித்தான். அப்பாவுக்கு வலி வந்த உடனே பார்வை குறையாமல், இத்தனை மாதம் கழித்துக் குறைந்ததற்கும் அதுவே காரணம்.

கல்லீரலிலிருந்து கண்ணுக்குப் போகும்போது வண்டி மாறுகிறது. இம்முறை கொழுப்புத் துளி இல்லை, ஒரு புரதம். ரெட்டினால் (அதாவது வைட்டமின் ஏ) பிணைப்புப் புரதம் என்று பெயர், கல்லீரலே அதைச் செய்கிறது. அது மிகச் சிறியது, மூலக்கூறு எடை சுமார் 21,000 டால்டன்தான். தனியாகப் போனால், சல்லடையில் கேழ்வரகு மாவு இறங்குவதுபோல, சிறுநீரக வடிப்பானில் எளிதாக இறங்கிவிடும். அதனால் டிரான்ஸ்தைரெட்டின் என்ற பெரிய புரதத்தோடு ஒட்டிக்கொண்டே ரத்தத்தில் பயணம் செய்யும். விழித்திரைக்குப் பின்னால் உள்ள நிறமி அடுக்கில் இதற்கென்றே ஒரு ஏற்பி, அதாவது வந்ததைப் பிடித்துக்கொள்ளும் புரதம், இருக்கிறது. அங்கே இறக்கிவைத்த வைட்டமின்தான் உருமாறி, மங்கிய வெளிச்சத்தில் பார்க்க உதவும் ரோடாப்சினின் பகுதியாகிறது. வரத்து நின்றால் முதலில் அடிபடுவது அந்திப் பார்வை.

இதில் இன்னொன்றும் உண்டு. சுமந்து போகிற புரதத்தைச் செய்யக் கல்லீரலுக்குப் புரதச் சத்தும் துத்தநாகமும் வேண்டும். இளைத்துப்போனவருக்கு இரண்டுமே குறைந்திருக்கலாம். கல்லீரலில் இருப்பு இருந்தும் ஏற்றிப்போக ஆள் இல்லை என்ற நிலை அப்போது வரும். காய்ச்சல், தொற்று இருக்கும்போது ரத்தம் எடுத்தாலும் அளவு தாழ்ந்து காட்டும். அவருக்கு அப்போது காய்ச்சல் இருந்ததா என்று யோசித்துப் பாருங்கள்.

ஆகவே கடை மாத்திரை வேண்டாம். கொழுப்பில் கரையும் மாத்திரையும் அதே பாதையில்தான் போக வேண்டும், பாதி வீணாகும். மாறாக, கல்லீரல் கெட்டிருந்தால் அதிக டோஸ் அதையே மேலும் கெடுக்கும். அவருக்குக் குடிப்பழக்கம் உண்டா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் மருத்துவரிடம் மறைக்காதீர்கள்.

தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பொது மருத்துவப் பிரிவுக்குப் போன வருஷத்து ஸ்கேன், டிஸ்சார்ஜ் தாளோடு அழைத்துப் போங்கள். கல்லீரல் பரிசோதனை, வயிற்று ஸ்கேன், சர்க்கரை, மலப் பரிசோதனை எல்லாம் பார்க்க வேண்டியிருக்கும். கணையம் கெட்டால் சர்க்கரையும் ஏறும். கணைய நொதி குறைவு என்று தெரிந்தால், ஒவ்வொரு சாப்பாட்டோடும் விழுங்கும் நொதி மாத்திரை தருவார்கள். அதன்பிறகு எவ்வளவு எண்ணெய் சேர்க்கலாம் என்று அவர்களே சொல்வார்கள். வைட்டமின் ஏ எவ்வளவு, வாய்வழியா ஊசியா என்பதும் அவர்கள் முடிவு. டி, ஈ, கே ஆகிய வைட்டமின்களும் கொழுப்போடுதான் போகும். ஈறில் ரத்தம் கசிவது, லேசாக இடித்தாலே கன்றிப்போவது போன்றவை இருந்தால் சொல்லுங்கள். கண் வறட்சி, கூச்சம், கருவிழியில் வெண்மை தெரிந்தால் நாள் தள்ளாமல் அன்றே கண் மருத்துவரிடம் போக வேண்டும்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். அப்பாவின் மாத்திரையை நீங்கள் தொடவே வேண்டாம். சில மாத்திரைகளில் ஒன்றிலேயே 25,000 யூனிட் இருக்கிறது. கர்ப்பத்தில் நாளைக்கு 10,000 யூனிட்டைத் தாண்டக் கூடாது, அதுவும் முதல் மூன்று மாதத்தில் தாண்டினால் குழந்தைக்கு உறுப்புக் குறைபாடு வரும் ஆபத்து உண்டு. ரத்தம் ஊறும் என்று வீட்டில் ஆட்டு ஈரல் வறுத்துக் கொடுப்பார்கள், அதில் வைட்டமின் ஏ மிக அதிகம் என்பதால் இப்போதைக்குத் தவிர்த்துவிடுங்கள். கீரைக்கும் மாம்பழத்துக்கும் இந்தக் கட்டுப்பாடு கிடையாது, உடல் தேவையைப் பொறுத்தே கரோட்டினை மாற்றிக்கொள்ளும். கீரையைக் கடைந்ததும் ஒரு ஸ்பூன் கடலை எண்ணெயில் தாளித்துக் கொட்டிச் சாப்பிடுங்கள்.