ரோபோகாப்பி ஏன் விடிய விடிய ஓடுகிறது?

கேள்வி: அலுவலக விண்டோஸ் சர்வருக்கு வீட்டிலிருந்து ரிமோட் டெஸ்க்டாப்பில் போகிறேன். அதற்காக ரூட்டரில் 3389 போர்ட்டை, அதாவது அந்த இணைப்பு நுழையும் எண்ணிட்ட வாசலை, திறந்திருக்கிறோம். 40 ஜிபி ஃபோல்டரை காப்பி பேஸ்ட் செய்தால் பாதியில் நிற்கிறது. அலுவலகத்துக்குள் இரண்டு சர்வர்களுக்கு இடையே விண்டோஸின் நகலெடுக்கும் கட்டளையான ரோபோகாப்பி போட்டால் விடிய விடிய ஓடியும் முடிவதில்லை. கனமான மென்பொருள் இல்லாமல் வழி உண்டா?

பதில்: அடுத்த முறை அலுவலகம் போனதும் முதல் வேலையாக 3389ஐ மூடுங்கள். இணையத்தில் திறந்து கிடக்கும் அந்தப் போர்ட்டில் பாஸ்வேர்டு ஊகிக்கும் நிரல்கள் ஓயாமல் முட்டும். 2019இல் வெளிவந்த, ரிமோட் டெஸ்க்டாப்பின் புளூகீப் என்ற பாதுகாப்பு ஓட்டைக்குப் பாஸ்வேர்டே தேவைப்படவில்லை.

ரோபோகாப்பி மேல் தப்பில்லை, அதன் இயல்பு அமைப்புதான் அப்படி. அவுட்லுக் பிடித்து வைத்திருக்கும் ஒரு பிஎஸ்டி கோப்பில் (மின்னஞ்சல் சேமிப்புக் கோப்பு) மாட்டினால், 30 விநாடி காத்திருந்து மறுபடி முயலும். எத்தனை தடவை? 10 லட்சம்! அந்த ஒரு கோப்புக்கே பதினொரு மாதத்துக்கு மேல் ஆகும். கட்டளையின் கடைசியில் ஆர்:2, டபிள்யூ:5 என்ற இரண்டு சுவிட்சுகளை (சாய்கோடு போட்டு எழுதும் கூடுதல் குறிப்புகள்) சேருங்கள். 5 விநாடி இடைவெளியில் இரண்டு முறை மறுபடி முயன்று, பிழையைக் குறித்துவிட்டு நகர்ந்துவிடும். குட்டிக் கோப்புகள் ஆயிரக்கணக்கில் இருந்தால், பல கோப்புகளை ஒரே நேரத்தில் நகலெடுக்கும் எம்டி:16 சுவிட்ச் வேகம் கூட்டும்.

இலக்கை மூலத்தின் அச்சு நகலாக்கும் எம்ஐஆர் சுவிட்சில் மட்டும் நிதானம் வேண்டும். மூலத்தில் இல்லாததை எல்லாம் இலக்கிலிருந்து அழித்துவிடும். தவறிப்போய் காலி ஃபோல்டரை மூலமாகக் கொடுத்தால் பேக்கப் மொத்தமும் போச்சு. முதலில் எல் சுவிட்சோடு ஓட்டினால் எதையும் தொடாமல் பட்டியல் மட்டும் காட்டும். குறித்த நேரத்தில் தானாக ஓட்டும் டாஸ்க் ஷெட்யூலரில் ரோபோகாப்பியின் முடிவு 1 என்று வந்தால் பதறாதீர்கள். கோப்புகள் நகலாயின என்று பொருள். 8 முதல்தான் பிழை.

இனி வீட்டிலிருந்து. ரிமோட் டெஸ்க்டாப் கிளிப்போர்டு நாலு வரி உரையை ஒட்டுவதற்கு உகந்தது, 40 ஜிபிக்கு அல்ல. சர்வர் 2019 அல்லது அதற்குப் பிந்தையது என்றால் பாதுகாப்பான தொலை இணைப்புக்கான ஓப்பன்எஸ்எஸ்எச் விண்டோஸோடு கிடைக்கிறது. அதன் சர்வர் பகுதி இல்லையென்றால் ஆப்ஷனல் ஃபீச்சர்ஸில் சேர்த்து, சர்வீஸை ஆட்டோமேட்டிக் ஆக்குங்கள். வீட்டுக் கணினியில், அந்த இணைப்பு வழியாகக் கோப்புகளை நகர்த்தும் வின்எஸ்சிபி போர்ட்டபிள் போதும், நிறுவ வேண்டாம். பெரிய கோப்பு பாதியில் அறுந்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

பலரும் இடறுவது, பாஸ்வேர்டுக்குப் பதிலாக எஸ்எஸ்எச்சில் நுழைய உதவும் சாவிக் கோப்பில். அட்மின் கணக்கின் பொதுச் சாவியை (ஜோடியில் சர்வரில் வைக்கும் பாதி) யூசர் ஃபோல்டரில் போட்டால் சர்வர் கண்டுகொள்ளாது. சி டிரைவில் புரோகிராம்டேட்டாவுக்குள் உள்ள எஸ்எஸ்எச் ஃபோல்டரில், 'அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ்_ஆதரைஸ்டு_கீஸ்' என்ற கோப்பில்தான் அது இருக்க வேண்டும்; நீட்டிப்பு கூடாது, நோட்பேட் சத்தமில்லாமல் டிஎக்ஸ்டி சேர்த்துவிடும். அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ், சிஸ்டம் தவிர வேறு யாருக்கும் அந்தக் கோப்பில் அனுமதி இருக்கக் கூடாது. சாவியால் நுழைய முடிகிறதா என்று இன்னொரு விண்டோவில் பார்த்த பிறகே பாஸ்வேர்டு நுழைவை நிறுத்துங்கள்.

திரையும் வேண்டுமா? எஸ்எஸ்எச் இணைப்புக்கான புட்டி மென்பொருளின் டனல்ஸ் பக்கத்தில் சோர்ஸ் போர்ட் 13389, இலக்கு லோக்கல்ஹோஸ்ட்:3389 என்று கொடுத்து ஆட் அழுத்துங்கள். இணைந்ததும் ரிமோட் டெஸ்க்டாப்பில் லோக்கல்ஹோஸ்ட்:13389 என்று அடித்தால் சர்வர் திரை வரும். ரூட்டரில் திறக்க வேண்டியது எஸ்எஸ்எச்சின் 22 மட்டும்; அலுவலக நெட்வொர்க்குக்குள் மறைவழியில் நுழைய விபிஎன் இருந்தால் அதுவும் வேண்டாம்.