பழைய லீ-என்ஃபீல்டு அசலா? கேள்வி பதில்

இந்த முறை .303 எஸ்.எம்.எல்.இ. (லீ-என்ஃபீல்டின் குட்டை வகை) ரைஃபிள் பற்றி மட்டும். கட்டையை, அதாவது மரப் பகுதியை, கழற்றுமுன் கடைசிப் பதிலைப் படித்துவிடுங்கள்.

கேள்வி: பாகங்களின் வரிசை எண்கள் எல்லாம் ஒன்றுதான் என்கிறார் விற்பவர். எங்கே பார்ப்பது ஐயா?

பதில்: பிரிட்டிஷ் தயாரிப்பில் ஆறு இடம்: ரிசீவர் (போல்ட் ஓடும் உலோக உடல்) வளையத்தின் வலப்பக்கம், பேரல் (குழல்) ரிசீவரோடு சேரும் முனை, போல்ட் (குண்டை உள்ளே தள்ளிப் பூட்டும் பாகம்) கைப்பிடியின் பின்புறம், பின் சைட் (குறிபார்ப்பான்) தகட்டின் அடிப்பக்கம், நோஸ்கேப் (முன்நுனி உலோக மூடி), முன்கட்டை நுனியின் அடிப்பக்கம். பலர் முதல் மூன்றோடு நிறுத்திவிடுகிறார்கள். போல்ட்தான் அடிக்கடி மாறும் பாகம், எண்ணைத் திருத்துவதும் அங்கேதான். லென்ஸ் வைத்துப் பாருங்கள். நூறாண்டு கைபட்ட எண்ணின் விளிம்பு, சுற்றியுள்ள உலோகத்தைப் போலவே மழுங்கியிருக்கும். புதிதாக அடித்ததில் பள்ளத்தின் ஓரம் கூராக மேலெழும்பி நிற்கும், விரல் நகம் தட்டும். பழைய எண்ணை ராவிய இடம் தட்டையாக, கருமை குறைந்து தெரியும். ரிசீவர் எண்ணில் 4, 7 எழுதிய வடிவத்தைப் போல்ட் எண்ணில் உள்ள 4, 7 வடிவத்தோடு ஒப்பிடுங்கள்.

கேள்வி: என்ன விலை பெறும்?

பதில்: படத்தைப் பார்த்து விலை சொல்வதில்லை. உங்கள் ஊர் ஏலங்களில் விற்றுமுடிந்த விலையைப் பாருங்கள்.

கேள்வி: கிரீட முத்திரை, வி.ஆர். (VR) எழுத்துகள், கீழே 1914. அரிதான வகையா?

பதில்: போலி. வி.ஆர். என்பது விக்டோரியா அரசியின் முத்திரை, அவர் இறந்தது 1901 ஜனவரியில். 1914இல் அடித்ததென்றால் ஜார்ஜ் மன்னரின் ஜி.ஆர். (GR) இருக்க வேண்டும், இந்தியாவின் இஷாப்பூர் ஆலை என்றால் ஜி.ஆர்.ஐ. (GRI). பழைய நீள ரைஃபிளைச் சுருக்கி மாற்றியவற்றில் வி.ஆர். உண்டு, ஆனால் அதனோடு இருக்கும் ஆண்டும் பழையதாக இருக்கும். பாகிஸ்தானில் கைத்துப்பாக்கிப் பட்டறைகளுக்குப் பேர்போன டாரா ஆதம் கேல் ஊர் வேலையில் இந்தப் பிழை சகஜம். ஆங்கில 'N' எழுத்தும் பலவற்றில் திரும்பியிருக்கும். எஃகின் தரத்துக்கு உத்தரவாதம் இல்லை. சுட வேண்டாம்.

கேள்வி: எண் எங்கெங்கே இருக்கும்?

பதில்: முதல் பதில்.

கேள்வி: என் 1917 லித்கோவில் (ஆஸ்திரேலிய ஆலைத் தயாரிப்பு) போல்டின் பழைய எண்ணைக் கோடிட்டு அடித்து, பக்கத்தில் ரிசீவர் எண் இருக்கிறது. அசல்தானே?

பதில்: அசல்தான். படைப் பட்டறையில் போல்ட் மாற்றினால் இப்படித்தான் செய்வார்கள். மறைக்க நினைப்பவன் பழைய எண்ணை ராவிவிடுவான், கோடிட்டு விட்டுவைக்க மாட்டான்.

மறுப்பு: அப்படியானால் 1950களில் பேரல், கட்டை எல்லாம் மாற்றியதையும் அசல் என்பீர்களா? ஆலையிலிருந்து வந்தபடி இருப்பதுதான் அசல்.

பதில்: ஆலையிலிருந்து வந்தபடியே இருப்பது பெரும்பாலும் போருக்குப் போகாத துப்பாக்கி. எஃப்.டி.ஆர். (FTR) என்ற முழுப் பழுதுபார்ப்பு முத்திரையும் ஆண்டும் இருந்தால், அந்த மாற்றமும் அதன் படை வரலாறுதான். நான் கேட்பது ஒன்றே: மாற்றியது படையா, வியாபாரியா?

மறுப்பு: முத்திரையையும் போலியாக அடிக்கலாமே?

பதில்: அடிக்கலாம். அதனால்தான் மரத்தையும் பார்க்கச் சொல்கிறேன். பிற்காலத்தில் முழுப் பழுதுபார்த்த லித்கோவின் முன்கட்டை பெரும்பாலும் குவீன்ஸ்லாந்து மேப்பிள் அல்லது கோச்வுட் என்ற ஆஸ்திரேலிய மரம். ரிசீவர் வந்து மோதும் இடத்தில் பலவற்றில் செம்புத் தகடு இருக்கும். தொடக்க கால லித்கோக்களில் வால்நட்டும் உண்டு, ஆனால் முழுப் பழுதுபார்ப்பு முத்திரையோடு வால்நட் கட்டை இருந்தால், எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். படை மாற்றியதும் அசல்தான் என்பதில் நான் மாற மாட்டேன், நீங்களும் மாற வேண்டாம். விற்கும்போது மட்டும் 'பழுதுபார்த்தது' என்று எழுதுங்கள்.

கேள்வி: கட்டையைத் தேய்த்து வார்னிஷ் அடிக்கலாமா?

பதில்: கூடாது. தேய்த்தால் முத்திரைகள் போய்விடும், திரும்ப வராது. துணியால் துடைத்து, காய்ச்சாத ஆளி விதை எண்ணெய் மெல்லியதாகப் பூசுங்கள்.

கேள்வி: சுட்டுப் பார்க்கலாமா?

பதில்: டி.பி. (DP) முத்திரை இருந்தால் ஒருபோதும் கூடாது, அது சுடாமல் அணிவகுப்புப் பயிற்சிக்கு மட்டும் ஒதுக்கியது. மற்றவற்றில் ஹெட்ஸ்பேஸ் (மூடிய போல்டுக்கும் தோட்டா தங்கும் இடத்துக்கும் உள்ள இடைவெளி) அளக்க வேண்டும்: .064 அங்குல அளவியில் போல்ட் மூட வேண்டும், .074இல் மூடக் கூடாது. துப்பாக்கி மெக்கானிக்கிடம் கொடுங்கள்.

கேள்வி: சென்னையில் வைத்துக்கொள்ள உரிமம்?

பதில்: சட்டம் என் துறையல்ல. உரிமம் தரும் அதிகாரியிடம் கேளுங்கள், வாங்குவதற்கு முன்னால்.

கேள்வி: எண்கள் பொருந்தினால்...

பதில்: முதல் பதில், தயவுசெய்து.

கேள்வி: பின்கட்டை ஆடுகிறது. உள்ளே நீள ஸ்க்ரூடிரைவர் விட்டுத் திருப்பினேன், 'டக்' என்று சத்தம்.

பதில்: நிறுத்துங்கள். பின்கட்டையைப் பிடித்திருக்கும் நீளத் திருகு போல்டின் சதுர முனை முன்கட்டையின் பின்பக்கத் தகட்டில் செருகியிருக்கிறது. முன்கட்டையைக் கழற்றாமல் திருப்பினால் சதுரம் சுழன்று மரத்தைப் பிளக்கும். முதலில் நோஸ்கேப், பட்டைகள், டிரிகர் கார்டு, முன்கட்டை எல்லாம் கழற்றி, தகட்டைச் சுற்றி மரத்தைப் பாருங்கள். கீறல் மட்டும்தான் என்றால் எபாக்ஸி விட்டு கிளாம்பில் இறுக்கி ஒரு நாள் வையுங்கள். அந்தத் திருகு போல்டை இறுக்குவது அதற்குப் பிறகு. முன்கட்டையைக் கடைசியாக மாட்டுங்கள்.