பதில்: சிறிய கிராமத்தில் களப்பயிற்சி, ரகசியம் காப்பது எப்படி?

வணக்கம். எம்.எஸ்.டபிள்யூ (சமூகப் பணி முதுகலை) படிப்பின் களப்பயிற்சிக்குச் சின்ன கிராமம் கிடைத்திருக்கிறது, உதவி தேடி வருபவர்களையே தெருவிலும் பேருந்திலும் பார்க்க வேண்டியிருக்கிறது, இது நெறிமீறலா என்று கேட்டிருந்தீர்கள். பார்ப்பது மீறல் இல்லை. அமெரிக்க சமூகப் பணியாளர் சங்கத்தின் நெறிமுறைகூட இரட்டை உறவை, அதாவது உதவி பெறுபவரோடு பணிக்கு வெளியிலும் ஓர் உறவு இருப்பதை, முழுசாகத் தடுக்கவில்லை. சுரண்டலோ தீங்கோ நேரும் அபாயம் இருந்தால் கூடாது, தவிர்க்கவே முடியாத இடத்தில் எல்லையை வகுத்துக் காப்பது பணியாளரின் பொறுப்பு என்கிறது.

அதனால் முதல் சந்திப்பிலேயே பேசிவிடுங்கள்: "வெளியே பார்த்தால் நானாக வந்து பேச மாட்டேன். நீங்கள் பேசினால் பேசுவேன், ஆனால் இந்த விஷயத்தைப் பற்றி அல்ல." அப்புறம், சந்திக்கும் இடம். ஒரு வீட்டு வாசலில் நீங்கள் நின்றாலே ஊருக்குச் சேதி போய்விடும். பல காரணங்களுக்காக ஆட்கள் வந்துபோகும் சுகாதார நிலையம், பள்ளி போன்ற இடம் நல்லது. எங்கே சந்திக்கலாம் என்று அவர்களையே கேளுங்கள்.

வகுப்பில் கொடுக்கும் அறிக்கையில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். பெயரை மாற்றினால் போதாது; தொழில், பிள்ளைகளின் எண்ணிக்கை, தெரு, இவற்றை வைத்தே ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

உறவினரோ நெருங்கிய நண்பரோ வந்தால் வேறு பணியாளரிடம் அனுப்புங்கள். வேறு ஆளே இல்லையென்றால் அன்றைக்கே மேற்பார்வையாளரிடம் சொல்லி, எழுத்திலும் பதிவு செய்யுங்கள். அவர் நகரத்தில் இருந்தால் என்ன, வாராவாரம் தொலைபேசி நேரத்தைக் கேட்டு வாங்குங்கள்.

எந்த விருப்பப் பாடத்தை எடுப்பது என்றும் கேட்டிருந்தீர்கள்: ஒரே துறைக்குள் போகாமல் பொதுநிலைப் பயிற்சியை எடுங்கள். கிராமத்தில் முதியோர், குழந்தைகள், மனநலம், குடிப்பழக்கம் எல்லாமே உங்கள் ஒரே மேசைக்குத்தான் வரும்.