தாத்தா பெட்டியில் கிடைத்த நோட்டுகள்

கேள்வி: தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் ஆறாம் ஜார்ஜ் படம் போட்ட பத்து ரூபாய் ஒன்று, காந்தி உட்கார்ந்திருக்கும் பத்து ரூபாய் ஒன்று, செல்லாமல் போன ஐந்நூறு ரூபாய் நான்கு கிடைத்தன. லட்சக்கணக்கில் தருவதாக ஒருவர் போனில் பேசி, முதலில் 2,000 ரூபாய் பதிவுக் கட்டணம் கேட்கிறார். கட்டலாமா? உண்மையில் என்ன விலை வரும்?
- ஒரு வாசகி, காரிமங்கலம்

பதில்: கட்டவே கட்டாதீர்கள் அம்மா. வாங்குகிறவர்தான் உங்களுக்குப் பணம் தர வேண்டும். ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லியே இப்படிக் கட்டணமும் கமிஷனும் கேட்கிறார்கள் என்று அந்த வங்கியே 2021-இல் எச்சரித்தது.

சரி, விலைக்கு வருவோம். பழையது என்பதாலேயே விலை ஏறிவிடாது. எத்தனை மிஞ்சியிருக்கின்றன, எத்தனை பேர் தேடுகிறார்கள் என்பதுதான் கணக்கு. ஜார்ஜ் நோட்டில் ரிசர்வ் வங்கி கவர்னரின் கையெழுத்தைப் பாருங்கள். சி.டி.தேஷ்முக் என்றிருந்தால், நோட்டு சேர்ப்பவர்கள் பலரிடம் அது உண்டு. காந்தி நோட்டு, அவர் பிறந்த நூற்றாண்டுக்கான 1969 வெளியீடு. அதில் எல்.கே.ஜா கையெழுத்து சாதாரணமாகக் கிடைக்கும். அடுத்து வந்த பி.என்.அடார்கர் 1970-இல் ஆறு வாரம்தான் கவர்னராக இருந்தார். அவர் கையெழுத்து என்றால் உடனே எனக்கு எழுதுங்கள்!

அப்புறம் நோட்டின் நிலை. மொடமொடவென்று மடிப்பே விழாத நோட்டுக்கும், நான்காக மடித்து இடுப்பில் செருகிய நோட்டுக்கும் விலையில் பல மடங்கு வித்தியாசம். அந்தக் காலத்தில் வங்கிகளே நோட்டுக் கட்டில் ஸ்டேப்ளர் பின் அடித்ததால், அந்தத் துளையை யாரும் பெரிய குறையாக எடுப்பதில்லை. நாம் செய்கிற பழுதுதான் நோட்டைக் கெடுக்கும். பென்னாகரம் சந்தையில் புளி விற்று என் அம்மா சேர்த்து வைத்த காந்தி நூறு ரூபாய் நோட்டுக்குச் சுருக்கம் போகட்டும் என்று இஸ்திரி போட்டேன். கிழிசலுக்கு செல்லோடேப் ஒட்டினேன். விரலில் தட்டுப்பட்ட அச்சின் மேடு தட்டையாகிவிட்டது. பசை மஞ்சள் கறையாக எண்ணின் மேலேயே இறங்கிவிட்டது. இன்று எடுத்துப் பார்த்தாலும் மனசு ஆறவில்லை. ஆகவே கழுவாதீர்கள், தேய்க்காதீர்கள், ஒட்டாதீர்கள். பிவிசி கலக்காத உறையில், வெயில் படாத இடத்தில் வையுங்கள்.

ஐந்நூறு ரூபாய் நான்கும் இருக்கட்டும். 2017 சட்டப்படி பழைய ஐந்நூறும் ஆயிரமும் சேர்த்துப் பத்து நோட்டு வரை வைத்திருக்கலாம், சேகரிப்பவர்கள் 25 வரை. எண்ணில் விசேஷம் இல்லையென்றால் விலை எதிர்பார்க்க வேண்டாம்.

மற்ற இரண்டையும் இரு பக்கமும், கையெழுத்தும் எண்ணும் தெளிவாகத் தெரியப் படமெடுத்துப் பத்திரிகை முகவரிக்கு அனுப்புங்கள். நோட்டை அனுப்ப வேண்டாம்.